கதவில் வைத்த கை

பழைய கையுறையைக் கொடுத்தால்தான் புதியது தருவது என்பது காற்றாலைக் கம்பெனி ஸ்டோரின் விதி. அதை நேசமலர் தன் கணவனுக்காகவும் தளர்த்தியதில்லை.

"பழசு எங்க?"

"பேக்ல கிடக்கு."

"பேக் எங்க?"

"வண்டியில. மலரு, அங்க பாரு, சிவதாணு அண்ணன் ஹாரன் அடிக்காரு. சாயங்காலம் வந்து தாறேன்."

"எல்லாரும் இதத்தான் சொல்லுகாவ. போயி எடுத்துட்டு வாருங்க டெக்னீசியன் சார்."

ஜஸ்டஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கொஞ்சம் முறைத்துப் பார்த்தான். பிறகு வண்டிவரைக்கும் ஓடிப்போய், விரல் நுனியெல்லாம் பிய்ந்துபோன ஜோடியைக் கொண்டுவந்து பலகையில் போட்டான். "கொண்டுபோய் மியூசியத்துல வை," என்றான். அவள் புதியதை எடுத்து நீட்டினாள். அவன் அதைக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. அந்தப் பேச்சில் ஏதாவது இருந்ததா, அவன் முகத்தில் ஏதாவது தெரிந்ததா என்று பல மாதங்கள் அவள் யோசித்துப் பார்த்திருக்கிறாள். ஒன்றும் இல்லை. ஒரு ஜோடி கையுறையைப் பற்றிய பேச்சு, அவ்வளவுதான்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி பிறந்துவிட்டால் காற்று மனிதனைச் சாய்த்து நடக்க வைக்கும். பழைய சின்னக் காத்தாடிகளையெல்லாம் பிடுங்கிவிட்டு, கம்பெனி அங்கே மேகத்தை முட்டுகிற உயரத்தில் புதிய கோபுரங்களை நட்டிருந்தது. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு பேருந்து அளவுக்குப் பெட்டி. அதற்குள்தான் இயந்திரம். பெட்டியின் கூரையில் காற்றின் திசையை அளக்கிற கருவிகள் இருக்கும். உள்ளே வேலை என்றால் பயமில்லை. கூரையில் வேலை என்றால் இடுப்புக் கயிற்றை வளையத்தில் மாட்டிக்கொண்டு வெட்டவெளியில் ஏறி நிற்க வேண்டும்.

இதற்காக அந்த ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத வழக்கம். கோபுரத்தின் அடியில் ஓர் இரும்புக் கதவு உண்டு. ஏறுவதற்கு முன்னால் குழுவில் உள்ள மூன்று பேரும் அதன்மேல் உள்ளங்கையை வைக்க வேண்டும். ஒருவன் கையை வைக்காவிட்டால் அன்றைக்கு யாரும் ஏறுவதில்லை. கை வைக்காதவனிடம் ஏன் என்று கேட்கக் கூடாது. வயிற்றுவலியாக இருக்கலாம், வீட்டில் சண்டையாக இருக்கலாம், கெட்ட கனவாகக்கூட இருக்கலாம். அது அவன் பாடு. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

அதிகமாகக் கை வைக்காமல் திரும்பியவன் ஜஸ்டஸ்தான். "மாப்பிள்ளைக்கு இன்னைக்கும் தீட்டு," என்று மற்றக் குழுக்காரர்கள் கேலி செய்வார்கள். அவன் சிரித்துக்கொள்வான். ஆனால் அவனோடு ஏறத்தான் எல்லோரும் விரும்பினார்கள்.

அந்தக் காலைக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் தலைமை அலுவலகத்திலிருந்து மைதிலி வந்தார். ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் பெரிய அதிகாரி. கேன்டீனில் எல்லோரையும் உட்கார வைத்து, தலைக்கவசங்களில் புதிதாக வைத்திருக்கும் 'உறுதுணை' என்ற ஏற்பாட்டைப் பற்றி விளக்கினார்.

"இது உங்க எல்லாரையும் கொஞ்ச நாள் கவனிக்கும். யார் சட்டுனு முடிவெடுப்பாங்க, யாருக்குப் பாராட்டு பிடிக்கும், யாருக்குக் கணக்கு காட்டணும், யார் அடுத்தவங்களுக்காக இறங்கி வருவாங்க, எல்லாம் அதுக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் குழுத் தலைவர் காதுல மட்டும், இவர்கிட்ட இப்படிக் கேளுங்கன்னு சொல்லும்."

"என்ன வேலை செய்யணும்னு சொல்லுமா மேடம்?" என்றார் சிவதாணு. ஜஸ்டசின் குழுவுக்கு அவர்தான் தலைவர். தோவாளைக்காரர்.

"சொல்லாது. கேக்கும். அதுதான் விஷயம். நீங்க ஒரு வேலையைச் சொன்னா ஒருத்தர் மறுக்கலாம். அதையே நாலு கேள்வி கேட்டு அவர் வாயாலயே வர வெச்சுட்டா மறுக்க மாட்டார். தான் சொன்னதைத் தானே யாரும் மறுக்கறதில்ல."

"எங்க வீட்ல கல்யாணமான நாள்லேருந்து இதான் மேடம் நடக்கு," என்றான் ஜஸ்டஸ். "மெஷின் இல்லாமலே."

கேன்டீன் அதிர்ந்தது. மைதிலியும் சிரித்தார். கடைசி வரிசையில் இருந்த நேசமலர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அது பொய் சொல்லுமா?" என்று கேட்டான் அனஸ். தக்கலைக்காரன், அதே குழுவில் மூன்றாவது ஆள். கேள்வி கேட்டால் பதில் வரும்வரை விடமாட்டான்.

"ஒரு பொய்கூடச் சொல்லாது. கேள்வி மட்டும்தான். கேள்வி எப்படிப் பொய்யாகும்?"

அனஸ் தன் கவசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

ஆட்கள் அதற்கு 'மந்திரி' என்று பெயர் வைத்தார்கள். முதலில் நன்றாகத்தான் இருந்தது. முன்பெல்லாம் சிவதாணு ஒரு ஸ்பானர் கேட்டாலும் எதிரே இருப்பவனின் தாத்தாவரை இழுத்துத் திட்டிவிட்டுத்தான் கேட்பார். இப்போது அவர் குரலே மாறிவிட்டது. "மக்கா, இத எப்படிச் செஞ்சா லேசா இருக்கும்னு நினைக்க?" என்று கேட்டார். அவர் மனைவி ஒரு கல்யாண வீட்டில் நேசமலரைப் பார்த்து, "அந்தத் தொப்பிய வீட்டுக்கும் குடுத்துவிடப்பிடாதா?" என்றாள். திட்டு வாங்கியே பழகியவர்கள் கொஞ்சம் கூச்சத்தோடு, ஆனால் சந்தோஷமாக வேலை செய்தார்கள்.

ஒருநாள் அனஸ் ஸ்டோர் ஜன்னலுக்கு வந்து நின்றான். எதுவும் வாங்கவில்லை.

"என்னடே?"

"தங்கச்சி நிச்சயத்துக்கு லீவு கேக்கப் போனேன்க்கா. போயி நின்னேன். சிவதாணு அண்ணன் ரொம்ப அன்பாத்தான் பேசினாரு. ரெண்டு மூணு கேள்வி கேட்டாரு. கடைசியில நானே லீவு வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"நீயேவா?"

"நானேதான். உம்மாகிட்ட என்ன சொல்லுகதுன்னுதான் தெரியல்ல. அவர் தரல்லன்னு சொன்னா பொய்யாயிரும்லா?"

நேசமலர் இதை வீட்டில் ஜஸ்டசிடம் சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னான். "எங்கிட்டயும் கேட்டுப் பாக்காரு. மந்திரி சொல்லுகதுக்கு ஒரு நிமிசம் பொறுக்காருல்லா, அப்ப கண்ணு வேற எங்கயோ போயிரும். அத வச்சுக் கண்டுபிடிச்சுருவேன். கதவுல மட்டும் அவரு கேக்கமாட்டாரு. அது வேற."

கதவில் ஏன் என்று கேட்கக் கூடாது என்பது வழக்கம். வேறு எதையும் கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. அப்படி ஒன்று தேவைப்படும் என்று அதை உண்டாக்கியவர்களுக்குத் தோன்றியிருக்காது.

கையுறை வாங்கிப்போன அந்தக் காலையில் நாற்பத்தொன்றாம் எண் கோபுரத்தின் கூரைக் கருவி பழுதாகிக் காத்தாடி நின்றுபோயிருந்தது. ஆடிக்காற்று உச்சத்தில் இருந்த நேரம். நிற்கிற ஒவ்வொரு மணிக்கும் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்துகொண்டிருந்தது. அளவுமானியில் காற்று அனுமதித்த எல்லைக்குள்தான் இருந்தது. சிவதாணு கதவில் கை வைத்தார். அனஸ் வைத்தான். ஜஸ்டஸ் மலையடிவாரத்தில் சுழன்று எழும்பிய புழுதியைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

வழக்கமாக அத்தோடு முடிந்திருக்கும். அன்றைக்கு முடியவில்லை. சற்று நேரத்தில் அவன் கை கதவில் இருந்தது. அவனும் அனசும் ஏறினார்கள். அனஸ் கூரைத் துவாரத்துக்குள் இருந்து கயிறு விட்டுக்கொண்டிருந்தான். ஜஸ்டஸ் வெளியே போனான். கணவாய்ப் பக்கமிருந்து வந்த ஒரு வீச்சில் கயிறு மாட்டியிருந்த வளையம் பெயர்ந்தது.

நேசமலர் ஸ்டோரில் போல்ட் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே நின்ற எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் கிளம்பிப்போவதைப் பார்த்தாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. அதிலிருந்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

விசாரணைக்கு அரசு ஓர் அதிகாரியை அனுப்பியது. பொறுமையான மனிதர். பெயர்ந்த வளையத்தைப் பார்த்தார். தலைக்கவசப் பதிவுகளைக் கேட்டார். முதல் அறிக்கையை எழுதி, ஆட்சேபணை உண்டா என்று எல்லோருக்கும் அனுப்பினார். வளையம் துருப்பிடித்திருந்தது கம்பெனியின் தவறு என்று அதில் இருந்தது. அதற்கு அடுத்த வரியில், காலஞ்சென்றவர் எவருடைய கட்டாயமும் இன்றி, தம் முழு விருப்பத்தின்பேரில் ஏறினார் என்று இருந்தது.

நேசமலருக்கு அந்த வரி தாங்கவில்லை. விருப்பம் இல்லாத நாளில் ஏறாமல் இருக்கத் தெரிந்த ஒரே ஆள் அவன். அவன் வாழ்ந்த விதத்துக்கே எதிராக இருந்தது அந்த வரி. மந்திரி கேட்க வைத்துத்தான் அவன் ஏறியிருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. இன்னொன்றும் இருந்தது. அந்த வரி நிலைத்தால் உறுதுணை மேல் பழி இல்லை. அடுத்த பருவத்தில் கணவாயில் உள்ள மற்றக் கம்பெனிகளின் குழுக்களுக்கும் அது வந்துவிடும். இன்னொரு கதவில் இன்னொருவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான்.

ஆட்சேபணை தெரிவிக்கப்போவதாக அவள் எழுதினாள். மறுவாரம் மைதிலி வீட்டுக்கு வந்தார். பழம் வாங்கி வந்திருந்தார். சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். அது நடிப்பாகத் தெரியவில்லை.

"ஜஸ்டஸ் யாரையாவது குறை சொல்லிப் பேசி நீங்க கேட்டிருக்கீங்களா?"

"இல்ல மேடம். அந்தப் பழக்கமே கிடையாது."

மைதிலி காத்திருந்தார். "சிவதாணு மேல அவருக்கு எவ்வளவு மரியாதை இருந்தது?"

"அண்ணன்னா உயிரு."

மறுபடியும் கொஞ்சம் காத்திருப்பு. ஜன்னலுக்கு வெளியே பார்வை. "அப்போ, சிவதாணு பேர்ல பழி வர்ற மாதிரி ஒண்ணை நீங்க செய்யறதை அவர் பார்த்தா, என்ன சொல்லுவார்னு நினைக்கிறீங்க?"

வேண்டாம் மலரு என்பான். நேசமலர் அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். தான் ஏற்கனவே தலையை ஆட்டிக்கொண்டிருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. உடம்பில் ஓர் இளைப்பாறல்கூட வந்திருந்தது. பையை இறக்கி வைத்தது போல. அந்தக் காத்திருப்பும் வேறெங்கோ போன கண்ணும் மட்டும் இல்லையென்றால் அவள் ஆட்சேபணையைத் திரும்ப வாங்கியிருப்பாள். தானாகவே வாங்கியதாக நம்பியும் இருப்பாள்.

"காதுல இருக்கத கழட்டி வச்சுட்டுக் கேளுங்க மேடம்," என்றாள்.

மைதிலியின் முகம் சிவந்தது. தலைமுடியை ஒதுக்கி, பயறு அளவுக்கு இருந்த ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு அதையே விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். "பழக்கமாயிடுச்சு," என்றார் கடைசியில். "இது இல்லாம இங்க வர எனக்கு பயமா இருந்தது. உங்ககிட்ட என்ன பேசறதுன்னே தெரியல."

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா. உக்காருங்க, காப்பி போடுகேன்."

மைதிலி காப்பி குடித்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. போகும்போது, "அந்தப் பதிவுல, கேள்விக்கு பதிலா இருக்கற பேச்சை மட்டும்தான் வெச்சிருக்கோம். மத்தது சேமிக்கறதில்ல," என்றார். அதை ஏன் சொன்னார் என்று நேசமலருக்கு விளங்கவில்லை. அனசைப் பார்த்த பிறகு விளங்கியது.

அனஸ் வேலையை விட்டுவிட்டுத் தக்கலையில் மாமாவின் டைல்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து நின்றவன் உட்காரவே இல்லை.

"மூணு கேள்விக்கா. சிவதாணு அண்ணன் சத்தம்கூட போடல்ல. காத்து அளவுக்குள்ளதானே மக்கா இருக்குன்னாரு. ஆமான்னு ஜஸ்டஸ் அண்ணன் சொன்னாரு. இன்னைக்கு விட்டா நாளைக்கு இதவிடக் கூடுமா குறையுமான்னாரு. கூடும்னாரு. அப்புறம்..."

"சொல்லு."

"நாளைக்கு நீ லீவு. மேல அனசுகூட யாரை அனுப்பட்டும், நீயே சொல்லுன்னாரு."

அனசின் மேல் ஜஸ்டசுக்கு எவ்வளவு பிரியம் என்று அவளுக்குத் தெரியும். புழுதி எழும்பும் கணவாயில், காற்று இன்னும் கூடும் ஒரு நாளில், அவனை இன்னொருவன் கையில் விட ஜஸ்டசால் முடிந்திருக்காது. அது இயந்திரத்துக்கும் தெரிந்திருக்கிறது.

"அவரு சிரிச்சாருக்கா. 'அண்ணே, இது உங்க கேள்வி இல்லையே, மந்திரி கேள்விலா'ன்னாரு. சொல்லிட்டுக் கைய வச்சுட்டாரு."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான். அதத்தான் அழிச்சிருக்கானுவ. பதில் இல்லியாம்." அனஸ் கடை வாசலைப் பார்த்தான். "நான் வந்து சொல்லுகேன்க்கா. ஆனா வெளிய பேசினதுதான் எனக்குத் தெரியும். சிவதாணு அண்ணன் காதுல என்ன வந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அது அவருக்கு மட்டும்தான் தெரியும்."

அதுதான் சிக்கல். காதில் சொல்வதை அந்த ஏற்பாடு பதிவு செய்வதில்லை. தனிமனிதரின் அந்தரங்கம் என்று கம்பெனி வக்கீல் எழுதியிருந்தார். சிவதாணுவோ விசாரணையில், "கேட்டது நான்தான், என் வாய்தான்," என்று ஒரே வரியில் முடித்துவிட்டு வீட்டில் அடைந்து கிடந்தார். மறு விசாரணை அடுத்த வாரம்.

நேசமலர் வேலைக்குத் திரும்பியிருந்தாள். பழுதுபார்க்க வந்த தலைக்கவசங்கள் ஸ்டோரில்தான் இருக்கும். மதியம், ஆட்கள் சாப்பிடப் போன நேரத்தில், வேறொரு குழுத் தலைவரின் கவசத்தை எடுத்துத் தலையில் வைத்தாள். வியர்வை நாற்றம் அடித்தது. இனிமையான ஒரு குரல் வணக்கம் சொன்னது.

"யாரிடம் பேசப் போகிறீர்கள்?"

"சிவதாணு."

"அவரிடமிருந்து என்ன வர வேண்டும்?"

"கேள்வி அவரோடது இல்லன்னு விசாரணையில சொல்லணும்."

குரல் கொஞ்சமும் தயங்கவில்லை. யார் போட்டிருக்கிறார்கள், எதற்காகக் கேட்கிறார்கள் என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டில்லை. "சிவதாணு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள விரும்பாதவர். காரணம் காட்டினால் இறுகிவிடுவார். அவரிடம் இதைக் கேளுங்கள்: அண்ணே, அன்றைக்கு நீங்கள் விழுந்து ஜஸ்டஸ் பிழைத்திருந்தால், அவன் உங்களுக்காக விசாரணையில் என்ன சொல்லியிருப்பான்?"

நேசமலர் கவசத்தைக் கழற்றி அலமாரியில் வைத்தாள். அந்தக் கேள்வி பலிக்கும் என்று அவளுக்கு உடனே தெரிந்தது. யாரிடமும் பலிக்கும். ஜஸ்டசின் பெயரையே கொக்கியாக வளைத்துக் கையில் கொடுத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து தோவாளைக்குப் போனாள். சிவதாணு வீட்டு முற்றத்தில் தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார்.

"வா பிள்ளே," என்றார். பக்கத்துத் திண்ணையைக் காட்டினார். அவள் உட்கார்ந்தாள்.

"நான் கேக்க வரல்ல அண்ணே. சொல்ல வந்தேன். அறிக்கையில இருக்க அந்த வரி எனக்கு வேண்டாம். அது அவருக்குப் பொருந்தாது. உங்க காதுல என்ன வந்துச்சுன்னு நீங்க சொன்னாத்தான் அது போவும். சொன்னா உங்க பேரும் கெடும், எனக்குத் தெரியும். அவ்வளவுதான்."

அவர் மோட்டாரின் உள்ளே எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணும் சொல்லணும்," என்றாள் நேசமலர். "உங்கள எப்படிக் கேக்கணும்னு மந்திரிகிட்ட கேட்டேன். ஒரு கேள்வி குடுத்துச்சு. அதக் கேட்டா நீங்க ஒத்துக்கிடுவிய. நான் கேக்கப் போறதில்ல."

அவர் கை நின்றது. "என்ன கேள்வி?"

"வேண்டாம்."

"சொல்லு பிள்ளே. என்னத்தான கேக்கச் சொல்லிச்சு? நான் கேக்கப்பிடாதா?"

"வேண்டாம் அண்ணே," என்று எழுந்துகொண்டாள். பேருந்து நிறுத்தம்வரை அவளுக்கு ஒரு சந்தேகம் கூடவே வந்தது. கேட்காமல் விட்டது நேர்மையா, அல்லது கேட்பதைவிடப் பெரிய கொக்கியா. அவர் இனி அந்தக் கேள்வி என்னவாக இருக்கும் என்று நினைத்து நினைத்தே சாவார். தான் அதை வேண்டுமென்று செய்யவில்லை என்று அவளால் நிச்சயமாகச் சொல்ல முடிந்தது. மைதிலியும் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்பதும் உடனே நினைவுக்கு வந்தது.

மறு விசாரணையில் முதலில் அனஸ் பேசினான். அழிக்கப்பட்ட பேச்சை அப்படியே சொன்னான். கம்பெனி வக்கீல், அது நண்பர்களுக்குள் நடந்த கேலி என்றார். அடுத்து சிவதாணுவைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். அதிகாரி கேள்வியைத் தொடங்குவதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார்.

"மூணு கேள்வியும் காதுல வந்தது சார். வந்தத நான் அப்படியே கேட்டேன். நானாயிருந்தா வண்டிய திருப்பியிருப்பேன். எங்க வழக்கம் அது."

"முதலில் ஏன் சொல்லவில்லை?"

"வெட்கமா இருந்திச்சு சார்."

அறிக்கை மாறியது. முழு விருப்பத்தின்பேரில் என்ற வரி போய், திட்டமிட்ட கேள்விகளால் பெறப்பட்ட சம்மதத்தின்பேரில் என்று வந்தது. கம்பெனி உறுதுணையைத் தலைக்கவசங்களிலிருந்து எடுத்தது. கணவாயில் இருந்த மற்ற இரண்டு கம்பெனிகளும் வாங்குவதாக இருந்ததை வாங்காமல் விட்டன. மைதிலி வேலையை விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டாள். நேசமலர் அந்தப் புதிய வரியைப் பலமுறை வாசித்தாள். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. தூக்கம் மட்டும் கொஞ்சம் வந்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு நாள் ஸ்டோர் ஜன்னலில் புதிதாகச் சேர்ந்த ஒருவன் நின்றான். பழைய கையுறை கொண்டுவரவில்லை. இல்லாமல் தர முடியாது என்றாள்.

அவன் கோபப்படவில்லை. சிரித்தான். "அக்கா, உங்க வீட்டாளு வெறுங்கையோட மேல நிக்கத நினைச்சா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

அவள் கை அலமாரிக்குப் போய்விட்டது. பாதி வழியில் நிறுத்தி அவன் தலையைப் பார்த்தாள். சாதாரணக் கவசம். காதில் ஒன்றும் இல்லை. கண்ணும் எங்கும் போகவில்லை. நேராக அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அது பேச்சு, அவ்வளவுதான். அதன் பிறகு கவனித்துப் பார்த்தாள். கேன்டீனில், வண்டியில், கேட்டில், எல்லோருமே இப்போது இப்படித்தான் கேட்டுக்கொண்டார்கள். யாரும் யாரையும் திட்டுவதில்லை. யாரும் இதைச் செய் என்று சொல்வதில்லை.

பங்குனியில் சிவதாணு அவள் வீட்டுக்கு வந்தார். வேலையிலிருந்து நின்றுவிட்டிருந்தார். செவ்வாழை கொண்டுவந்திருந்தார். நேசமலர் தோசை சுட்டு வைத்தாள். மறுத்துப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டார். படத்தைப் பார்க்காமல் அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

சாப்பிட்டு முடித்தும் இலையை மூடாமல் இருந்தார்.

"ரெண்டு கேள்விதான் பிள்ளே காதுல வந்தது," என்றார்.

நேசமலர் தோசைக்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மூணாவதுக்கு அது யோசிச்சுக்கிட்டு இருந்திச்சு. ஒரு நொடிதான். அதுக்குள்ள என் வாயில வந்துட்டு. நாளைக்கு நீ லீவு, யாரை அனுப்பட்டும்னு. நான் கேட்டு முடிச்ச பெறவு அது காதுல சொல்லிச்சு. நான் கேட்ட அதே கேள்வி. சொல்லு மாறாம." அவர் கையில் சட்னி காய்ந்துகொண்டிருந்தது. "அவன் என்னப் பாத்துச் சிரிச்சான். இது உங்க கேள்வி இல்லையேன்னான். நான் பேசாம இருந்துட்டேன்."

அடுப்பில் கல் காய்ந்து புகைய ஆரம்பித்தது. அவள் அணைத்தாள்.

"அப்ப விசாரணையில?"

"அவன் அப்படி நினைச்சுட்டுத்தான் ஏறினான். நான் கேக்கமாட்டேன்னு நினைச்சுட்டு. அதயாவது மாத்தாம விட்டுருவோம்னு தோணிச்சு." கொஞ்சம் பொறுத்து, "நீ சொன்ன வரியும் போவணும்லா," என்றார்.

"இப்ப எதுக்கு எங்கிட்ட சொல்லுகிய?"

"தெரியல்ல பிள்ளே. யாரும் கேக்கல்ல. அதான் சொல்ல முடிஞ்சிச்சு."

அவர் பதிலை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. அவள் அதிகாரிக்கு எழுதலாம். எழுதினால் அந்தப் பழைய வரி திரும்பவும் வரும். கவசங்களுக்குள் மந்திரி திரும்பவும் வரும். எழுதாவிட்டால் ஒரு பொய்யின்மேல்தான் எல்லாம் நிற்கும். வெளியே காற்று இன்னும் தொடங்கவில்லை. தெருவில் யாரோ யாரிடமோ மெதுவாக ஏதோ கேட்டுக்கொண்டு போனார்கள்.

சிவதாணு எழுந்து கை கழுவ அடுக்களைக்குப் போனார். தொட்டியில் குழாய் இறுகும் சத்தம் கேட்டது. தண்ணீர் வரவில்லை. மறுபடியும் இறுக்கினார்.

"இடப்பக்கம் திருகாதீங்க அண்ணே," என்றாள் நேசமலர். "அவரு மாட்டினது. அது வலப்பக்கம் திருகினாத்தான் திறக்கும்."